கஸ்பார் கண்ணில் ஊற்றிய கடல்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெறும்வரை என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் குப்பி இருந்தது. மாதா உருவத்தில், தலையில் நீலக் கிரீடமே மூடியாக, கோயில் வாசல்களில் தீர்த்தம் பிடித்துவர விற்பார்களே, அதே குப்பிதான். அதைப் பார்த்து, மேடம் ரகசியமாகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார் என்று உங்களுக்கு முந்திய செட்டில் ஒருவர் கிளப்பிவிட்டார். இன்னொருவர் அதில் வேறு ஏதோ இருப்பதாகச் சந்தேகப்பட்டு மோந்தே பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் அது என் மேசைக்கு வந்து சேர்ந்த கதை இருக்கிறது. ஆண்டு மலருக்கு 'மறக்க முடியாத வெற்றி' என்று ஒரு கட்டுரை கேட்டீர்கள். வெற்றியைப் பற்றிப் பேச நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மாநாட்டுக்கு மாநாடு மேடையேறி, ஆபரேஷன் வீடியோவுக்குப் பின்னணி இசை போட்டு, கடைசியில் சூரிய உதயத்தின் மேல் 'நன்றி' என்று எழுதிக் காட்டிவிட்டு இறங்குகிறார்கள். நானும் காட்டியிருக்கிறேன். அப்படி நான் இசை போட்டுக் காட்டிய ஓர் ஆபரேஷனின் மீதிக் கதையை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் முதலில் தெரியவேண்டும். நான் ஆறுமுகநேரியில் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகள். கடையில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வருகிறவர் ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்புவது எங்கள் வீட்டுப் பழக்கம். டாக்டரான பிறகும் அது போகவில்லை. தொண்டை கட்டிப்போய் வருகிற வாத்தியாரிடம், "ஒரு வாரம் பேசாதிய, பிள்ளைகளாவது படிக்கட்டும்" என்பேன். குறட்டைக்காரக் கணவரை இழுத்துவரும் மனைவியிடம், "ஆபரேஷனும் பண்ணலாம், நீங்க அடுத்த ரூம்ல போயும் படுக்கலாம், ரெண்டாவதுதான் சுலபம்" என்பேன். அறையே சிரிக்கும். பெயர் மறந்துபோனவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து "அந்தச் சிரிப்பு டாக்டரம்மா ரூம் எது?" என்று கேட்பார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இனி கஸ்பார். நாற்பது வயதிருக்கும். சங்கு குளிக்கிறவர். இந்தக் கரையில் முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, சங்குக்கு மட்டும் இன்னும் இறங்குகிறார்கள். படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து போகும் நீளக் குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலடிக்குப் போகவேண்டும். அந்தக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட கஸ்பாரின் மூக்குதான் பிரச்சினை. காலையில் எழுந்ததும் வரிசையாக முப்பது தும்மல். பிறகு நாள் முழுக்க ஒழுகல். ஒழுகாத நேரத்தில் அடைப்பு. மூக்கு அடைத்துக்கொண்டால் கீழே போகப் போகக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது, காது கிழிகிற மாதிரி வலிக்கும். பாதி ஆழத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, கடல்ல கெடக்குத தண்ணிய விட எம் மூக்குக்குள்ள சாஸ்தி" என்றார் முதல் நாளே. எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. கூட வந்த அவர் மனைவி மெற்றில்டா, "கொடியில காயுத துணில முக்காவாசி இவுக கைக்குட்டைதான். தொவச்சுத் தொவச்சு எங் கை ரேக அழிஞ்சுபோச்சு" என்றாள்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. கடலடியில் தூங்குகிறவரை மேலே இழுக்க எந்தப் படகுக்காரரும் விரும்பமாட்டார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று படகில் சொல்லிவிட்டார்கள். கஸ்பாருக்குக் கடலைத் தவிர வேறு வேலை தெரியாது. பதினாறு வயதில் இறங்கியவர்.

அப்போதுதான் நான் நரம்பு ஆபரேஷனைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். மூக்கின் பின்புறத்தில் எலும்புக்குள் ஒரு சின்னச் சுரங்கம். அதன் வழியாக ஒரு நரம்பு. மூக்கை ஒழுகச் சொல்லும் உத்தரவு அதில்தான் வருகிறது. அதை வெட்டினால் உத்தரவு நிற்கும், ஒழுகலும் நிற்கும். ஆனால் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகிற உத்தரவும் அதே நரம்பில்தான் ஒட்டிக்கொண்டு போகிறது. இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதித்தான் நீங்களும் பாஸ் பண்ணினீர்கள், நானும் பாஸ் பண்ணினேன். அடி நரம்பைத் தொடாமல், மூக்குக்குள் பிரிகிற கிளைகளை மட்டும் வெட்டும் வழியும் அப்போதே இருந்தது. அப்படிச் செய்தால் கண் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

நான் அடி நரம்பையே வெட்டினேன். இரண்டு பக்கமும். கஸ்பாரின் தொல்லை அவ்வளவு பெரியது, கிளைகளை வெட்டினால் போதாது என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அடி நரம்பு வீடியோவில் எடுப்பாக இருக்கும். வேரோடு எடுத்தேன் என்று மேடையில் சொல்ல ஆசை. ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணீரை அளந்து பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். கீழ் இமைக்குள் செருகி ஐந்து நிமிடம் காத்திருந்து எவ்வளவு நனைகிறது என்று பார்க்கவேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "கண்ணு கொஞ்சம் காயும், அதுக்குச் சொட்டு மருந்து இருக்கு" என்று பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயர் சொல்கிற வேகத்தில் சொன்னேன்.

"மூக்கு காஞ்சாப் போதும். கண்ணு காஞ்சா என்ன, நான் தண்ணிக்குள்ளதான கெடக்கேன்" என்றார் கஸ்பார்.

மூக்கு அற்புதமாகக் காய்ந்தது. மூன்றாம் வாரம் கடலில் இறங்கினார். முழு ஆழத்துக்கும் போய்வந்தார். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய அளவுக்கு ஒரு சங்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் வீடியோவுக்கு வீணை இசை சேர்த்து மதுரையில் காட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். கஸ்பாரின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மூக்கு சொர்க்கம் டாக்டரம்மா. கண்ணுதான் மண்ண அள்ளிப் போட்ட மாரி உறுத்துது. காத்தடிச்சா தொறக்க முடியல."

மெற்றில்டாவுக்கு வேறு கவலை. "போன வாரம் இவுக அக்கா செத்துப்போனாவ. வளத்த அக்கா. பெட்டிய மூடப்போறாவ, ஊரே அழுது. இவுக ஒரு சொட்டு விடாம மரம் மாரி நிக்காவ. சொந்தக்காரங்க என்னையப் புடிச்சு, ஏளா, அக்கா தம்பிக்குள்ள என்ன சண்டைன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளுக்குள்ள அழுதேன். வெளிய வரல" என்றார் கஸ்பார். அவர் குரல் தணிந்திருந்தது.

பிள்ளைகளே, வைத்தியம் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அழுகிற கண்ணிலிருந்தே நீர் வரவில்லை என்றால் உறுத்தலுக்கும் தூசுக்கும் எங்கிருந்து வரும்? அங்கேயே காகிதத் துண்டைச் செருகியிருக்கவேண்டும். கையைப் பிடித்து அடுத்த அறையிலிருக்கும் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கவேண்டும். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் வழக்கப்படி ஒன்று சொன்னேன்.

"கண்ணீர்னா என்ன, உப்புத் தண்ணிதான? நாலு எட்டு வச்சாக் கடல் நெறையக் கெடக்கு. மூணு வேளையும் அள்ளி விடுங்க."

நர்ஸ் சிரித்தாள். நான் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். பேருக்கு ஒரு சொட்டு மருந்தும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. இப்படி நரம்பு போனவர்களில் சிலருக்கு அது வருடக்கணக்கில் தேவைப்படும் என்பதை வாயாலும் சொல்லவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் என்னோடு படித்தவள். நாசரேத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுவாள், மற்ற ஆறு நாளும் என்னைத் திட்டுவாள். கண்ணும் மூக்கும் அடுத்தடுத்த வீடு, உன் வீட்டு அழுக்கெல்லாம் என் வாசலுக்குத்தான் வருகிறது என்பது அவளுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. இன்னும் மூன்று மாதம் போனபின் ஒருநாள் காலையில் அவள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். போனேன். அவள் மேசையில் அந்த மாதா குப்பி நின்றது. எதிரே கஸ்பார் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெற்றில்டா.

"ஒன் பேஷண்ட்டுதான? கண்ணப் பாரு" என்றாள்.

பார்த்தேன். வலது கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு புண். கிருமி ஏறியிருந்தது.

"என்ன சொட்டு விட்டிய, கொண்டாங்கன்னு கேட்டேன். இத எடுத்து வைக்காவ. உள்ள என்னன்னா கடல் தண்ணியாம். மூணு வேளையும் ரெண்டு கண்ணுலயும் விட்டிருக்காவ, மூணு மாசமா! யாரு சொன்னான்னு கேக்கேன், புருசனும் பொண்டாட்டியும் வாயத் தொறக்க மாட்டேங்காவ."

கஸ்பார் இடது கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பி, "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் விட்டேன்" என்றார். மெற்றில்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கஸ்பார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது நிம்மதி. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது.

"மூக்குல என்ன பண்ணுன?" என்று கேட்டாள் நாசரேத்துக்காரி.

"அலர்ஜிக்குத்தான். சின்ன வேலை" என்றேன். டிஸ்சார்ஜ் சீட்டிலும் 'ஒவ்வாமைக்கான மூக்கு அறுவை' என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தேன். எந்த நரம்பு என்று அதில் இல்லை. அவள் கேஸ் ஷீட்டில் 'தானாகவே கடல்நீர் விட்டுக்கொண்டது' என்று எழுதி, கஸ்பாரை வார்டில் சேர்த்தாள்.

மணிக்கு ஒருமுறை கிருமிக்கான சொட்டு மருந்து. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். புண் ஆறவில்லை. ஓரங்கள் இன்னும் அரித்துக்கொண்டு போயின. ஆழமாகப் போனால் கருவிழி ஓட்டையாகிவிடும், பிறகு அந்தக் கண்ணைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று அவள் வார்டில் வெளிப்படையாகவே சொன்னாள். கஸ்பார் கேட்டது ஒரே கேள்விதான். "ஒத்தக் கண்ணோட கடலுக்கு விடுவாவளா டாக்டர்?" விடமாட்டார்கள். குழாய் எங்கே சிக்கியிருக்கிறது, பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கடலடியில் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். அவருக்கே அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வார்டுக்குப் போனேன். பழம் வாங்கிப் போனேன். பேக்கரியில் மக்ரூன் வாங்கிப் போனேன். சொல்லவேண்டியதை மட்டும் கொண்டுபோகவில்லை. அந்தப் புண்ணுக்குக் காரணம் கிருமி, கிருமிக்குத்தான் மருந்து போகிறதே, எந்த நரம்பு என்று தெரிந்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன். மெற்றில்டா கட்டிலோரத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் எழுந்து நிற்பாள். அதைவிட அவள் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் கஸ்பாரே கேட்டார். "என்ன டாக்டரம்மா, ஒடம்புக்கு முடியலையா? ஒங்க சிரிப்பக் காணும்."

நான்காம் நாள் காலை ரவுண்டில் நாசரேத்துக்காரி கண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்த்தாள். கையுறை போட்ட விரலால் கீழ் இமையை இழுத்தாள். அப்படியே நின்றாள்.

"இம்புட்டுப் பெரிய புண்ணு. உயிர் போற வலி வலிக்கணும், கண்ணு கொட்டு கொட்டுன்னு கொட்டணும். தலகாணி நனையணும். இது ஏன் வறண்டு கெடக்கு?"

கேள்வி என்னைப் பார்த்து இல்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கடல் உப்பு ஈரத்தை உறிஞ்சியிருக்கும் என்று ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைக்காரர் மகள் அல்லவா, எந்தக் கேள்விக்கும் பதில் ரெடியாக இருக்கும். அப்போது அவள் டார்ச்சை இடது கண்ணுக்குத் திருப்பினாள். அதுவும் வறண்டிருந்தது. நான் வெட்டியது இரண்டு பக்கமும். இன்றைக்கு வலது கண்ணில் நடப்பது நாளைக்கு இடது கண்ணிலும் நடக்கலாம். கஸ்பார் ஒரு கண்ணோடு கரையில் உட்காருவதைப் பற்றித்தான் நான்கு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். இரண்டும் போகலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு பக்கமும் அடி நரம்ப வெட்டிட்டேன்" என்றேன். "கண்ணீருக்குப் போற வழி அதுலதான் இருக்கு. கடல் தண்ணிய விடச் சொன்னதும் நான்தான். மூணு வேளைன்னு கணக்கும் நான்தான் சொன்னேன்."

வார்டில் ஆறு கட்டில். இரண்டு நர்ஸ். யார் யார் கேட்கிறார்கள் என்றெல்லாம் நாசரேத்துக்காரி பார்க்கவில்லை.

"ஏளா, நாலு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? கண்ணீர் இல்லாத கண்ணுல இந்த மருந்த மணிக்கொருக்க ஊத்துனா மருந்தே அரிச்சிரும்லா? கழுவிவிட அங்கன தண்ணி ஏது? நான் புண்ண ஆத்துதேன்னு நெனச்சுப் புண்ணத் தோண்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

அவள் அதோடு விடவில்லை.

"உப்பளத்து ஊர்க்காரி நீ. ஒங்க ஊர்ல டிகிரி பாக்காம ஒரு பாத்திக்குத் தண்ணி விடுவாவளா? ஒரு மனுசன் கண்ணுக்கு விடச் சொல்லியிருக்க. கண்ணீர்ல இருக்கிற உப்பு என்ன, கடல்ல இருக்கிறது என்ன? மூணு மடங்குக்கு மேல சாஸ்தி. இருக்குத ஈரத்தையும் அது உறிஞ்சிரும்."

ஆறுமுகநேரியில் உப்பளத்தில் நீர் எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று கருவி போட்டு அளந்துதான் அடுத்த பாத்திக்குத் திறப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் தினமும் பார்த்த காட்சி. அது எனக்கு மறந்துபோயிருந்தது.

திட்டி முடித்ததும் வேலையைப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் மருந்து முழுக்க மாறிவிட்டது. கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்காத சொட்டுகளாகப் பார்த்து எழுதினாள். எத்தனை தடவை என்பதைக் குறைத்தாள். கஸ்பாரின் ரத்தத்தை எடுத்து, அதில் தெளிகிற நீரிலிருந்தே அவர் கண்ணுக்குச் சொட்டு தயாரிக்க ஏற்பாடு செய்தாள். கிருமி அடங்கியபிறகு, இருக்கிற கொஞ்ச ஈரமும் மூக்குக்குள் வடிந்துவிடாமல் இமையோரத்துச் சின்ன ஓட்டைகளை அடைத்தாள். வலது கண்ணின் வெளி ஓரத்தில் மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்து இரண்டு தையல் போட்டாள். கண் பாதி மூடியபடி இருந்தால்தான் புண் காயாமல் ஆறும். கேஸ் ஷீட்டில் 'தானாகவே' என்ற வரியை அடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்திலேயே நடந்ததை எழுதிக் கையொப்பம் போட்டேன்.

அன்று மதியம் கஸ்பாரின் கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க வந்து நின்னியள்லா, மொகம் வெளுத்துப்போச்சு. எம் மூக்க நல்லாக்குன ஆளு. காட்டிக் குடுக்க முடியுமா?"

"எனக்கு அப்பமே சொல்லணும்னு நாக்குத் துடிச்சுது. இவுகதான் கையப் புடிச்சு அமுக்குனாவ" என்றாள் மெற்றில்டா.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன் கஸ்பார். நீங்களும்தான சிரிச்சீங்க."

"நீங்க சிரிச்சிய. அதனால நாங்களும் சிரிச்சோம். டாக்டர் சிரிக்கும்போது உம்முன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

மெற்றில்டா சொன்னாள். "சும்மா அள்ளி விடல டாக்டரம்மா. தெளிய வச்சு, வெள்ளத் துணில வடிகட்டி, மாதா குப்பில ஊத்தித்தான் விட்டோம். எரியுதான்னு இவுககிட்ட கேட்டேன். எரிஞ்சாத்தான் மருந்துன்னாவ."

நான் சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கிறது. மேற்கொண்டு வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் வாங்கவில்லை. வாயால் சொன்ன கடல் தீரவில்லை, அதனால் தொடர்ந்திருக்கிறார்கள். படகுத்துறையில், டீசல் மிதக்கிற இடத்திலிருந்து எடுத்த தண்ணீர். நோயாளி நம் பேச்சை நம்புவதே இல்லை என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். ஒரு தடவை குணமாக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் கொட்டாவி விட்டால்கூட அதையும் மருந்துச் சீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். கஸ்பாரின் மூக்கு சரியாகாமல் போயிருந்தால் என் பேச்சைக் குப்பையில் போட்டிருப்பார், கண்ணில் ஊற்றியிருக்கமாட்டார்.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். அந்தக் காகிதத் துண்டு உங்கள் மேசை டிராயரில் இருக்கட்டும். நரம்பைத் தொடுவதற்கு முன் அதைச் செருகுங்கள். கண் ஏற்கெனவே காய்ந்தவர் என்றால் அடி நரம்பின் பக்கமே போகாதீர்கள், வீடியோ நன்றாக வராவிட்டால் போகட்டும். எந்த நரம்பு, எந்தப் பக்கம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் பார்க்கப்போகிறவர் ஜோசியர் அல்ல. வந்திருப்பவர் கண்ணை வைத்து என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். காற்றில் நிற்பவரா, உப்பளத்தில் வெள்ளை வெயிலில் நடப்பவரா, ராத்திரி லாரி ஓட்டுபவரா? மூக்கு டாக்டர் எதற்குக் கண்ணைக் கேட்கவேண்டும் என்று யாராவது சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள். தவறு தெரிந்த அன்றைக்கே வாயைத் திறங்கள். நான் தாமதித்த நான்கு நாளில் அந்தக் கருவிழி எவ்வளவு கரைந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்து நாசரேத்துக்காரி காட்டினாள், வேண்டுமென்றே காட்டினாள்.

ஒன்றரை மாதம் கழித்துத் தையலைப் பிரித்தார்கள். நானும் போயிருந்தேன். வலது கருவிழியின் ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு தழும்பு இருந்தது. கண் பாப்பாவுக்கு நேராக இல்லை, கொஞ்சம் தள்ளி. நாசரேத்துக்காரி இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் காட்டினாள். கஸ்பார் முதல் வரியை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். கீழே போகப் போக எழுத்து சிறுத்தது, அவர் குரலும் மெதுவாகியது. மெற்றில்டா என் முழங்கையை அவளுக்கே தெரியாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசிக்கு முந்திய வரியில் ஓர் எழுத்தில் தடுமாறி, திரும்பப் பார்த்து, சரியாகச் சொன்னார்.

"கடலுக்குப் போலாமா டாக்டர்?"

"போலாம்" என்றாள் நாசரேத்துக்காரி. "கண்ணாடிக்குள்ள தண்ணி ஏறக்கூடாது. மேல வந்த ஒடனே நான் குடுக்குத சொட்டு மருந்த விடணும். படகுலயே ஒரு குப்பி கெடக்கணும். மாதா குப்பி இல்ல."

அந்தக் குப்பியை அவள் அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். "இது ஒனக்கு. மேசையில வச்சுக்க. வாயத் தொறக்கதுக்கு முந்தி ஒரு தடவ பாத்துக்க" என்றாள். ஏதாவது திருப்பிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சாதாரணமாக இல்லை, நாலு பேர் பார்க்கத் தேம்பித் தேம்பி. நான்கு நாள் மறைத்ததும், அதற்குப் பிந்திய ஒன்றரை மாதத் தூக்கமின்மையும் சேர்ந்து கன்னம், கழுத்து, கோட்டு எல்லாம் நனைந்தது. துடைக்கத் துணி தேடினேன். கஸ்பார் தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். மடிப்புக் கலையாமல் காய்ந்திருந்தது.

"அழாதிய டாக்டரம்மா" என்றார். "இங்கன ஒரு சொட்டுக்கு வழியில்லாமக் கெடக்கேன். நீங்க தரையில கொட்டி வீணாக்குதிய."

நான் கைக்குட்டையை இறக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "விளையாட்டுக்குத்தான் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"விளையாட்டுக்குத்தான் டாக்டரம்மா" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சிரித்தேன்.